கோழி வளர்ப்புக்குப் பின்னால்

மீட்டர்க்காரர் தன் நாற்பத்தோராவது வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். குடிநீர் வாரியத்தில் பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய், தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறவர். குனிந்து குனிந்து முதுகு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது, அதனால் கேள்வி கேட்கிற படிப்பாகப் பார்த்து வரலாற்றில் சேர்ந்தேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் சிரிக்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்வார்.

வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் இருபத்து நான்கு பேர் அவருடைய மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு அவர் 'மீட்டர் அங்கிள்'. மிச்சம் இருந்த ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் எல்லா நர்ஸையும் கூப்பிடுகிற மாதிரி அவரும் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். அவள் அவரை 'அண்ணே' என்றாள். அதை அவள் எல்லாரிடமும் சொல்வதில்லை.

கைபேசியில் படம் பிடிக்கிற வசதி இன்னும் எல்லார் கைக்கும் வந்துசேராத காலம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று பேராசிரியர் சொன்னதும், மீட்டர்க்காரர் முதன்முறையாகக் கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தார். வாசலில் இருந்த கணினியில் ஒற்றை விரலால் 'தண்ணீர்' என்று அடித்தார். ஆயிரத்து நானூறு புத்தகங்கள் வந்து விழுந்தன. முதல் புத்தகம் நீச்சல் பழகுவது எப்படி என்பது.

"அண்ணே, கடல்ல போய் வலை போடுறீங்க. தொட்டியில போடுங்க" என்று பின்னால் நின்று சிரித்தவள் நர்ஸ்தான். ஊர், வருடம், பொருள் என்று மூன்று கட்டத்தில் எதை எதை அடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். ஆயிரத்து நானூறு பதினொன்றாகச் சுருங்கியது. அடுத்த மூன்று புதன்கிழமையும் அவள் அவருக்கு வாத்தியார். ஒரு தகவலுக்கு ஓர் அட்டை. அட்டையின் மேல் மூலையில் புத்தகத்தின் பெயர், கீழ் மூலையில் பக்க எண்.

"பக்கம் இல்லாத தகவல் வதந்திண்ணே. வார்டுல நாங்க மருந்து குடுத்தா நேரம் எழுதுவோம். எழுதலேன்னா குடுக்காத மாதிரிதான்."

"நாங்களும் அப்படித்தான் சிஸ்டர். ரீடிங் எடுத்த தேதி இல்லேன்னா ரீடிங்கே செல்லாது."

"அப்ப உங்களுக்கு ஆராய்ச்சி சுலபம். சாரும் அதத்தான் கேக்குறாரு. பழைய ஆவணமா இருந்தா பக்கத்தோட, பாத்த தேதியும் போடணுமாம்."

மீட்டர்க்காரருக்கு உச்சி குளிர்ந்தது. பத்தொன்பது வருட உத்தியோகமும் ஆராய்ச்சிக்கான ஒத்திகைதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் சொன்னார். "ஒத்திகை போதும், குளியலறைக் குழாய் ஒழுகுது" என்றாள் மனைவி.

அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஊரில் காலரா வந்த ஆண்டும் அப்போது புதிதாகப் போட்ட குடிநீர்க் குழாயும். குழாய் போன தெருக்களில் சாவு குறைவு, போகாத தெருக்களில் அதிகம் என்று நிரூபிக்க வேண்டும். அவள் எடுத்துக்கொண்டதும் அதே காலராதான், ஆனால் மருத்துவமனைப் பக்கம். ஒரே காலத்தை இரண்டு பேர் எழுதலாம், ஒரே கட்டுரையை எழுதாமல் இருந்தால் சரி என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

இரண்டு பேருக்கும் அந்தக் கட்டுரை ஒன்றல்ல. மீட்டர்க்காரருக்கு அது ஆசை. பாஸானால் போதும். மார்க் கூட வந்தால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம், முதுகு ஒத்துழைத்தால். நர்ஸுக்குக் கணக்கே வேறு. அறுபதுக்கு மேல் வாங்கினால்தான் ஆஸ்பத்திரி அவளுக்குக் கடைசி வருடத்துக்குப் படிப்பு விடுப்பு கொடுக்கும். இல்லையென்றால் மூன்று ஷிப்டுக்கும் நடுவே ஓடியாடிப் படிக்க வேண்டும். இரண்டு வருடம் அப்படி ஓடிப் பார்த்துவிட்டாள். மூன்றாவது வருடம் முடியாது என்று அவளுக்கே தெரியும்.

இரண்டு கட்டுரைக்கும் ஆதாரம் ஒரே ஒரு புத்தகம். நகர சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைகள், நான்காம் தொகுதி. தலையணை பருமன். தெரு வாரியாக எத்தனை வீடு, எந்தத் தண்ணீர், எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் எழுந்திருக்கவில்லை என்று முப்பது பக்கத்துக்கு அட்டவணை. வேறு எங்கும் பிரதி கிடையாது. முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, பென்சிலால் மட்டும் குறிப்பெடுக்கலாம். தாள் காய்ந்த இலை மாதிரி உதிர்ந்தது. உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மீட்டர்க்காரருக்குச் செவ்வாய், சனி இரண்டு நாள் காலைதான் ஓய்வு. முதல் செவ்வாய்க்கிழமை ஆசையாகப் போனால் நான்காம் தொகுதியின்மேல் ஒரு மாணவன் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லாமல் எதிரில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு நூலகர் அந்தப் பக்கம் வந்து "உஷ்!" என்றாள். அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயரே உஷ் மேடம். நூலகத்திலேயே பெரிய சத்தம் அந்த உஷ்தான். பையன் திடுக்கிட்டு எழுந்து, "நான் படிச்சிட்டுதான் மேடம் இருக்கேன்" என்று புத்தகத்தை அணைத்துக்கொண்டான். கன்னத்தில் ஒரு தெருவின் சாவுக்கணக்கு அச்சாகியிருந்தது. மீட்டர்க்காரருக்கு அரை நாள் போயிற்று.

சனிக்கிழமை தொகுதி கைக்கு வந்தது. நாலு மணி நேரத்தில் ஆறு பக்கம். மூடுகிற நேரம் ஆனதும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். 'படித்த நூலை மேசையில் விடவும். அலமாரியில் நீங்களே வைக்க வேண்டாம்' என்று தூணுக்குத் தூண் எழுதி ஒட்டியிருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தொகுதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் நடந்தார்.

அந்தக் கல்லூரியில் எப்போதோ விவசாய வகுப்பு இருந்து மூடிவிட்டார்கள். அதன் மிச்சம் பின்சுவர் ஓரம், துடைப்பமும் வாளியும் இருக்கும் மூலையில். கடைசித் தட்டில் கோழி வளர்ப்பு. அந்தத் தட்டுக்குக் கடைசியாக வந்த ஆளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கலாம். பத்தொன்பது வருடம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலும் பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் தேடிய மனிதருக்கு, எந்த மூலைக்கு யாரும் குனிய மாட்டார்கள் என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. கோழிகளுக்குப் பின்னால் தொகுதியைப் படுக்க வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே என்று நினைத்தார். நர்ஸுக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடே இருக்கிறதே என்றும் நினைத்தார். குறைந்தபட்சம், அப்படி நினைத்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார்.

செவ்வாய் போதவில்லை. புதன்கிழமை காலையில் டீ குடிக்கிற நேரத்தில் வந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மறுபடி கோழிக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலை வகுப்புக்குச் சற்று முன்னால் திரும்பி வந்தால் நர்ஸ் ஆண்டறிக்கை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நாலாம் தொகுதியப் பாத்தீங்களா? இடத்துல இல்ல."

"இல்லையே சிஸ்டர்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தும்மல் மாதிரி வந்துவிட்டது. ஆனால் தும்மலை யாரும் திருப்பி உள்ளே இழுக்க முடிந்ததில்லை. அடுத்த நொடியே, 'அட, நான்தான் பத்திரமா வச்சிருக்கேன், வாங்க' என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அந்த நொடி போய், அதற்கடுத்ததும் போனது. உஷ் மேடம் ஒரு மஞ்சள் சீட்டில் 'காணவில்லை' என்று எழுதி, தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் செருகினாள். காலி இடத்தில் அந்தச் சீட்டு நின்றதை மீட்டர்க்காரர் பார்த்தார். இருந்தும் சனிக்கிழமை போய் ஐந்து பக்கம் எழுதினார்.

அடுத்த புதன்கிழமை அவள் இரவு ஷிப்டு முடித்து, மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கால் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு விடுறதில்லண்ணே. ஒவ்வொரு தட்டா பாத்துடுறேன். யாராவது இடம் மாத்தி வச்சிருப்பாங்க."

"நானும் தேடுறேன் சிஸ்டர்" என்றார் மீட்டர்க்காரர். வேறு என்ன சொல்ல முடியும்.

சல்லடை போட்டுத் தேடினார்கள். அதாவது அவள் தேடினாள், அவர் சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தத்துவம் முடிந்தது, சட்டம் முடிந்தது, கணக்கும் முடிந்தது. தேடிக்கொண்டே அவள் பேசினாள்.

"எங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு கல்வெட்டு இருக்குண்ணே. காலரா வருஷத்துல செத்துப்போன ரெண்டு டாக்டருங்க பேரு. தினம் அதத் தாண்டித்தான் உள்ள போறேன். ஆனா பின்சந்துல ஆயாக்கள், துப்புரவு ஆளுங்க குடியிருந்தாங்களாம். வாந்தியும் பேதியும் அள்ளுனது அவங்கதான? அவங்கள்ல எத்தன பேரு போனாங்க? ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல அவங்க பேரே இல்ல. நோயாளிப் பட்டியல்லயும் இல்ல, ஊழியர் பட்டியல்லயும் இல்ல. தெருக் கணக்குல மட்டும்தான் இருக்கும். அந்த ஒரு வரி போதும் எனக்கு. அத வச்சு முழுக் கட்டுரையும் எழுதிடுவேன்."

மீட்டர்க்காரருக்கு அந்த வரி தெரியும். ஆஸ்பத்திரிப் பின்சந்து. போன சனிக்கிழமைதான் எழுதியிருந்தார்.

அவள் பின்சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"அங்க கோழிதான் சிஸ்டர் இருக்கு."

"கோழிக்கும் காலரா வரும்ணே, தெரியாதா? யாராவது காலரான்னு பாத்துட்டு இங்க சொருகியிருக்கலாம்" என்று அவள் அந்த அலுப்பிலும் சிரித்தாள். உட்காருவதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள்.

"நீங்க உக்காருங்க, நான் பாக்குறேன். குனியுறது என் தொழில்" என்று அவளைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு மீட்டர்க்காரர் முட்டி போட்டார். நாட்டுக்கோழி, முட்டைக்கோழி, கோழித் தீவனம் என்று ஒவ்வொரு புத்தகமாகத் தொட்டுச் சத்தமாகப் படித்தார். கையைப் பின்னால் விட்டார். கெட்டி அட்டையும் முதுகில் ஒட்டிய சிவப்புச் சீட்டின் ஓரமும் விரலில் பட்டன. அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடியே அவர் திரும்பிப் பார்த்தார். அவள் வாளிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல சிஸ்டர்."

"அவ்ளோதான் போங்க" என்றாள். "என்னண்ணே பண்ணலாம்? தலைப்பு மாத்த வெள்ளிக்கிழமதான் கடைசி நாள். அதுக்கப்பறம் மாத்த விட மாட்டாங்க. காத்திருக்கவா, மாத்திடவா?"

மீட்டர்க்காரருக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் அந்த முக்காலியைவிட்டு எழுந்து வேறு பக்கம் போக வேண்டும்.

"மாத்திடுங்க சிஸ்டர். இல்லாத புத்தகத்த நம்பி எத்தன நாள் உக்காந்திருப்பீங்க?"

அவள் தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற மாதிரி ஆட்டினாள்.

சனிக்கிழமை மிச்ச அட்டவணையும் முடிந்தது. திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய், தொகுதியைக் கோழிகளிடமிருந்து மீட்டு, உஷ் மேடத்தின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"அட! எங்க இருந்துச்சு?"

"கோழி வளர்ப்புக்குப் பின்னால மேடம்."

"எந்தப் பாவி வச்சான்?" என்றாள் அவள், நூலகமே கேட்கிற மாதிரி. "மீட்டர் சார், நீங்க இல்லேன்னா இது போயே போயிருக்கும்."

மூன்று பேர் நிமிர்ந்து அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவன் கட்டைவிரலைக் காட்டினான். மீட்டர்க்காரர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். புதன்கிழமை நர்ஸ் வந்ததும் ஓடிப் போய், "கெடச்சிருச்சு சிஸ்டர்!" என்றார், அவருக்கே அருவருப்பாக இருந்த ஓர் உற்சாகத்தோடு.

"அப்படியா?" என்று அவள் நின்றாள். "நான் வெள்ளிக்கிழமையே மாத்தி எழுதிக் குடுத்துட்டேனேண்ணே. நீங்க சொன்னீங்கல்ல."

அவள் புதிதாக எடுத்த தலைப்பு நர்ஸுகளின் சீருடை மாறிய கதை. இரண்டு பழைய பத்திரிகை, நாலு புகைப்படம், பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஆறு நாள் இரவு ஷிப்டு. கட்டுரையைக் கொடுத்த அன்று, "துணியப் பத்தி எழுதுனேன், அதுவும் கிழிஞ்சுபோன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

மதிப்பெண் வந்தது. மீட்டர்க்காரருக்கு எண்பத்தொன்று, வகுப்பிலேயே முதல். நர்ஸுக்கு ஐம்பத்து நான்கு.

மகள் அந்த மதிப்பெண் தாளைப் பீரோக் கதவில் ஒட்டினாள். தன் பள்ளிக்கூடத்து மதிப்பெண் தாளை அதே நாளில் நீட்டினால் அப்பா திட்ட மாட்டார் என்று கணக்குப் போட்டு, அதையும் நீட்டினாள். அவர் திட்டவில்லை. அவர் எதையும் படிக்கிற நிலையில் இல்லை. மனைவி தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்து, "ஏன் இப்படி இழவு வீட்டுக்குப் போன மாதிரி உக்காந்திருக்கீங்க? எண்பத்தொண்ணு பத்தாதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அவர். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் அவர் அப்படியே காலம் முழுக்க உள்ளுக்குள் அரித்துக்கொண்டு கிடந்திருப்பார். ஆனால் பேராசிரியருக்கு அவருடைய அடிக்குறிப்புகள் ரொம்பப் பிடித்துவிட்டன. ஆதாரம் காட்டுவது எப்படி என்பதற்கு இதுதான் மாதிரி என்று கட்டுரையை இருபத்தாறு பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

மறுநாள் கல்லூரிப் படிக்கட்டில் நர்ஸ் நின்றிருந்தாள். கையில் அந்தப் பிரதி.

"தேதி எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க" என்றாள்.

மீட்டர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான்காம் தொகுதி, பக்கம் இத்தனை, பார்த்த நாள் இன்னது. பதினான்கு அடிக்குறிப்பு. ஒன்றிலும் அவர் பொய்த் தேதி போடவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை. பத்தொன்பது வருடத்தில் பார்க்காத மீட்டருக்கு அவர் ரீடிங் எழுதியதில்லை, பார்த்த நாளை மாற்றியதும் இல்லை. மஞ்சள் சீட்டு செருகியிருந்த நாட்களில் மட்டும் ஒன்பது குறிப்பு. அவள் முதன்முதலில் 'பாத்தீங்களா' என்று கேட்ட அதே புதன்கிழமையும் அதில் இருந்தது. புத்தகத்தை ஒளித்து வைக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு தேதியை ஒளித்து வைக்கத் தெரியவில்லை.

"கோழிப் பக்கம்தானா?"

"ஆமா."

"நீங்க முட்டி போட்டுப் பாத்தீங்களே. அப்ப கையில பட்டுச்சா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்தார். "பட்டுச்சு."

அவள் பிரதியை மடித்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு பிரித்தாள். "அட்டவணையில பின்சந்து இல்லையே. ஏன்?"

"அது... அங்க குழாய் இருந்துச்சு சிஸ்டர். ஆஸ்பத்திரிக் குழாய். ஆனாலும் சாவு அதிகம். என் கட்டுரைக்கு ஒத்துவரல. விதிவிலக்குன்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்க" என்றாள் அவள். மணி பார்த்தாள். "சரி, ட்யூட்டிக்கு நேரமாச்சு." இறங்கிப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம், நாலு பேர் பார்க்கக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லையோ என்று அவர் பிறகு நினைத்தார்.

நாளைக்கே பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முடிவு செய்ததே சொல்லிவிட்ட மாதிரி இருந்ததால் நன்றாகத் தூங்கினார். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பேராசிரியர் தாழ்வாரத்தில் எதிரிலேயே வந்தார். மீட்டர்க்காரர் அறிவிப்புப் பலகையின் மறுபக்கம் போய் நின்று, அங்கே ஒட்டியிருந்த மாணவியர் விடுதிக் குளியலறை நேரங்களை ஆழ்ந்து படித்தார். சனிக்கிழமை மகளுடைய தோழிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து பீரோக் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை பேராசிரியர் அறைக் கதவைத் தட்டி, உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கட்டுரையை எடுத்து ஒவ்வொரு அடிக்குறிப்பாகப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல தேதி போட்டுத் திருடுன ஆள இப்பதான்யா பாக்குறேன்."

"சார்."

"உங்க மார்க்க என்ன பண்ணுறதுன்னு கமிட்டிதான் சொல்லணும். குறையும்."

"குறையட்டும் சார். சிஸ்டருக்கு..."

"அந்தம்மா பழைய தலைப்புலயே திரும்ப எழுதலாம். ஒரு மாசம் தரேன். போய்ச் சொல்லுங்க. இதுக்கு ஏன்யா வியாழக்கிழமையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது, சொல்கிற மாதிரி இல்லை.

தன் அட்டைகளோடு அட்டவணை எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாழ்க்கையில் அந்தக் கட்டடத்தின் மீட்டரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், வார்டுக்குள் போனதில்லை. இரண்டாம் மாடியில் பெண்கள் வார்டு. பகல் பதினொன்றரை. நர்ஸ் ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள். சீருடையில் அவளைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள்.

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். பேராசிரியர், ஒரு மாதம், பழைய தலைப்பு. அவள் மாத்திரைகளை எண்ணிச் சின்னக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எப்ப சொன்னீங்க அவர்கிட்ட?"

"இன்னிக்குக் காலையில."

"லீவு பட்டியல் சனிக்கிழமை கையெழுத்தாயிடுச்சு" என்றாள். "மூணாவது மாடி சிஸ்டருக்குக் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் பேர ஓரமா வச்சிருந்தாங்க. மார்க் ஏதாவது கூடுமான்னு மேட்ரன் கேட்டாங்க. கூடாதுன்னு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை மீட்டர்க்காரர் குளியலறை நேரங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் மேட்ரன்கிட்ட பேசுறேன் சிஸ்டர். எழுதிக் குடுக்குறேன். நான்தான் காரணம்னு..."

"அவங்களும் ரெண்டு வருஷமா காத்திருந்தவங்கதான். அவங்க பேர அடிச்சிட்டு என் பேர எழுதச் சொல்லவா?"

அவர் கையில் இருந்த நோட்டை நீட்டினார். "இதுல எல்லாத் தெருவும் இருக்கு. பின்சந்தும் இருக்கு. நாப்பதாம் பக்கம்."

அவள் வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தார். வாங்கினாள். தள்ளுவண்டியின்மேல் வைத்துப் புரட்டினாள். அவருடைய கையெழுத்து மீட்டர் அட்டையில் எழுதிப் பழகியது, எண்கள் எல்லாம் கட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தன. ஒரு வரியின்மேல் அவள் விரல் நின்றது. ஆஸ்பத்திரிப் பின்சந்து. வீடு இருபத்திரண்டு. குழாய் உண்டு. படுத்தவர் ஐம்பத்தொன்பது. இறந்தவர் நாற்பத்து மூன்று.

"நாப்பத்திமூணு" என்றாள்.

வேறெந்தத் தெருவிலும் அதில் பாதிகூட இல்லை. அவருக்கு அது ஒத்துவராத எண். அவளுக்கு அதுதான் கட்டுரை. எண்பத்தொன்று வாங்கிய தன் கட்டுரையைவிட அது எத்தனை பெரிய கட்டுரையாக இருந்திருக்கும் என்று, அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு, ஆளைப் பார்க்கத் தோன்றவில்லை.

கோடிக் கட்டிலில் இருந்த ஒரு கிழவி, "சிஸ்டரு, பாட்டில் தீந்துபோச்சு" என்று கூப்பிட்டாள்.

"இதோ வரேன்மா." அவள் நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க சார்."

"சிஸ்டர், நீங்க எழுதணும். விடுப்பு இல்லேன்னாலும்..."

"எப்ப எழுத?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிதான் கேட்டாள். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்தும் இருந்தாள். "இந்த வாரம் பகல். அடுத்த வாரம் நைட்டு. நடுவுல பையனுக்குப் பரீட்சை. எப்ப எழுதச் சொல்றீங்க?"

அவர் நிற்கிற இடத்தில் வண்டி திரும்ப வழியில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். வண்டி அவரைத் தாண்டிக் கோடிக் கட்டிலுக்குப் போயிற்று. அவள் அங்கே காலியான பாட்டிலைக் கழற்றி, புதியதை மாட்டி, சொட்டுகளை எண்ணி, சுவரில் தொங்கிய அட்டையில் நேரத்தை எழுதினாள்.